சரக்கைப் படம் பிடிக்கத் தெரிந்து கொள்வோம்

மண்டியில் கையால் அள்ளிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, பல்லில் கடித்துப் பார்த்துச் சரக்கு வாங்குவது நமது வணிகத்தின் நெடுநாள் வழக்கம். இன்று வெளியூர் மொத்த வியாபாரி முதலில் நமக்கு அனுப்புவது கைப்பேசிப் படம். நமது வாடிக்கையாளரும், "புதுப் பருப்பு வந்திருக்கிறதா? ஒரு படம் அனுப்புங்கள்" என்கிறார். உடைந்து வந்த சரக்குக்கு ஈடு கேட்டாலும் படம் கேட்கிறார்கள். ஆகவே தராசு பிடிக்கத் தெரிந்திருப்பது போலவே படம் பிடிக்கத் தெரிந்திருப்பதும் நமக்கு அவசியமாகிவிட்டது. இதற்கு விலை உயர்ந்த கைப்பேசி தேவையில்லை. கையில் இருப்பதைச் சரியாகப் பயன்படுத்தினாலே போதும்.

முதலில் லென்ஸைத் துடைப்போம்

எண்ணெய் ஊற்றிய கை, மிளகாய்த் தூள் எடுத்த கை, அதே கையால் கைப்பேசி. மளிகைக் கடையில் லென்ஸின் மீது எண்ணெய்ப் பிசுக்கு படியாத நாளே இராது. படம் புகை படிந்தது போல மங்கலாக இருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஒவ்வொரு முறையும் மென்மையான பருத்தித் துணியால் துடைத்த பிறகே படம் எடுக்க வேண்டும்.

வெளிச்சமே முதலீடு

கடையின் உட்புறத்தில் டியூப் லைட்டின் கீழ் எடுக்கும் படத்தில் நிறம் மாறும், நிழல் விழும். வாசலுக்கு அருகே, நேர் வெயில் படாத நிழலில், பக்கவாட்டிலிருந்து பகல் வெளிச்சம் வரும் இடமே சிறந்தது. பகல் வெளிச்சத்தோடு கடை விளக்கும் கலந்தால் ஒரு பக்கம் நீலமாகவும் மறு பக்கம் மஞ்சளாகவும் தெரியும். எனவே அருகிலுள்ள விளக்கை அணைத்து விடலாம். பிளாஷ் வேண்டாம், அது பாலிதீன் உறையில் பட்டு வெள்ளைத் திட்டாகத் திரும்பும். நிழல் விழும் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையை நிறுத்தினால் வெளிச்சம் திரும்பி அந்தப் பக்கமும் தெளிவாகும்.

தூரமும் நிலையும்

திரையில் இரு விரலால் விரித்துப் பெரிதாக்கினால் பெரும்பாலும் படத்தின் தெளிவு குறையும். சிறிய பொருளை எடுக்க நாமே சற்று அருகே செல்ல வேண்டும். மிக நெருங்கினாலும் ஃபோகஸ் ஆகாது. மங்கினால் சற்றுப் பின்வாங்குவோம். பொருளின் மீது திரையில் ஒரு முறை தொட்டால் ஃபோகஸ் அங்கே நிற்கும். பல கைப்பேசிகளில் அப்போது தோன்றும் சூரியக் குறியை இழுத்து வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். கை நடுங்கினால் முழங்கையை மேசை மீது ஊன்றிக்கொண்டு, 3 வினாடி டைமர் வைத்து எடுக்கலாம்.

சரக்குக்குச் சரக்கு முறை வேறு

அரிசி, ரவை, சர்க்கரை: இவற்றின் மணியும் பருமனும் தெரிய வேண்டும். வெள்ளைப் பொருளை வெள்ளைத் தாளில் வைத்தால் தெரியாது. கருநீலத் துணியிலோ அடர்நிறச் சார்ட் அட்டையிலோ பரப்பி, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். அளவு தெரிய அருகில் ஒரு ரூபாய் நாணயத்தை வைக்கலாம்.

மிளகாய், மஞ்சள், பருப்பு: இவை நிறத்தால் விலை போகிறவை. வெள்ளைத் தாளின் மீது வைத்து எடுப்போம். படத்தில் அந்தத் தாள் வெள்ளையாகத் தெரிந்தால்தான் மஞ்சளின் நிறமும் உண்மையாக இருக்கும்.

எண்ணெய், தேன்: வெளிச்சம் பின்புறமிருந்து ஊடுருவி வந்தால் தெளிவும் வண்டலும் தெரியும்.

பாக்கெட் சரக்கு: முன்பக்கம் ஒன்று, விவரம் அச்சிட்ட பக்கம் ஒன்று. நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த நாள், உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் ஆகியவை படிக்கும்படி இருக்க வேண்டும். உறை பளபளத்தால் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் பளபளப்பு விலகும்.

அழகு வேறு, நாணயம் வேறு

நிறத்தைக் கூட்டிக் காட்டும் வசதி எல்லாக் கைப்பேசியிலும் உண்டு. சாதாரண மிளகாயை இரத்தச் சிவப்பாகக் காட்டி விற்று விடலாம். ஆனால் ஒரே ஒரு முறைதான். பையைப் பிரித்த வாடிக்கையாளர் அடுத்த மாதம் பட்டியலை வேறு கடைக்குக் கொடுப்பார். பொருளைப் பற்றித் தவறான எண்ணம் தரும் விளம்பரம் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நடவடிக்கைக்கும் உரியது. பழைய படத்தைப் புதுச் சரக்குக்கு அனுப்புவதும் அவ்வாறே தவறு. லாட் மாறினால் படமும் மாற வேண்டும்.

குறைச் சரக்குக்குப் படமே சாட்சி

ஐம்பது கிலோ துவரம்பருப்பு 10 மூட்டை வந்து இறங்குகிறது; 2 மூட்டை நனைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஈரப் பருப்பை மட்டும் நெருங்கி எடுத்து அனுப்பினால், "உங்கள் குடோனில் நனைந்ததோ என்னவோ" என்று பதில் வரும். படங்கள் வரிசையாகக் கதை சொல்ல வேண்டும்:

1. லாரியின் எண் தெரிய, சரக்கு வண்டியில் இருக்கும் நிலை.
2. இறக்கிய மூட்டைகள் அனைத்தும் சேர்ந்து.
3. குறையுள்ள மூட்டையின் தையலும் லாட் எண்ணும், பிரிப்பதற்கு முன்.
4. பிரித்த பின், குறை நெருக்கத்தில்.
5. பில்லும் லாரி ரசீதும்.

எடை குறைவு என்றால் வெறும் தராசு பூஜ்யம் காட்டுவதை முதலில் எடுத்து, பிறகு மூட்டையோடு எடுக்க வேண்டும். தராசின் எண்கள் படத்தில் சில வேளை பாதி மறைந்து விழும். எனவே இரண்டு மூன்று எடுத்துப் பார்த்துக்கொள்வோம். லாரி ரசீதில் குறையை எழுதி ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்குவதைப் படம் எடுத்த காரணத்தால் விட்டுவிடக் கூடாது.

மூலப் படத்தை வெட்டவோ திருத்தவோ, அதன்மேல் எழுதவோ வேண்டாம். வட்டமிட்டுக் காட்ட வேண்டுமானால் ஒரு நகலில் செய்யலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவைச் சாட்சியமாக்க உரிய சான்றிதழ் வேண்டும். வழக்கு வரை போகக்கூடிய விவகாரமானால் எடுத்த கைப்பேசியிலேயே மூலத்தைப் பாதுகாத்து, வழக்கறிஞரைக் கலந்து கொள்வது நலம்.

பில்லையும் எடுத்து வைப்போம்

வெப்பத்தால் அச்சாகும் வழவழப்பான பில்கள் சில மாதங்களிலேயே வெளுக்கக் கூடும். ஜி.எஸ்.டி. சட்டமோ கணக்குகளை, ஆண்டு விவர அறிக்கைக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்கச் சொல்கிறது. ஆகவே பில் வந்த அன்றே தட்டையாக வைத்து, நேர் மேலிருந்து, நமது நிழல் விழாமல் படம் எடுத்து, மாதவாரியாகச் சேமிப்போம். மூலப் பில்லையும் கோப்பில் வைப்போம். படம் அதற்குத் துணையே தவிர மாற்று அல்ல.

அனுப்பும் முறை

வாட்ஸ்அப்பில் வழக்கமாக அனுப்பும் படம் சுருங்கிப் போய்ச் சேரும். சிறிய எழுத்து படிக்க வராது. பில், லாட் எண், குறைச் சரக்கு ஆகியவற்றை ஆவணமாக இணைத்து அனுப்பினால் மூலத் தெளிவு குறையாது. படத்தோடு சரக்கின் பெயர், ரகம், எடை, விலை, தேதி ஆகியவற்றை ஒரு வரியில் எழுதி விடுவோம்.

இன்று மாலை வியாபாரம் சற்று ஓய்ந்திருக்கும் நேரத்தில், ஒரு கைப்பிடி துவரம்பருப்பை விளக்கின் கீழும், நாளைக் காலை வாசல் வெளிச்சத்திலும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு கண்ணுக்கே தெரியும். கடையில் உதவியாக இருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். லாரி வரும் வேளையில் பெரும்பாலும் வாசலில் நிற்பவர்கள் அவர்கள்தாம்.