தெமட்டகொடையில் பை திருத்தும் இளைய தையற்கலைஞருக்கு

முதுகுப்பையைத் திருத்தவும் மாற்றியமைக்கவும் பழகும் இளையவர், பை எங்கே கிழிந்தது என்று பார்ப்பதோடு நில்லாமல், சுமை எவ்வழியாக அங்கே வந்து சேர்ந்தது என்றும் பார்க்கப் பழக வேண்டும். பாடசாலைப் பைகள் பெரும்பாலும் தோள்வார் முதுகுப்புறத் துணியோடு சேரும் மேல்விளிம்பிலேயே விட்டுப்போகின்றன. அவ்விடத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், நூல் அறாமலே இருக்க, ஊசித் துளைகள் தபால் முத்திரையின் ஓரம்போல வரிசையாகி, அவ்வரிசைவழியே துணி பிரிந்திருப்பது தெரியும். அதன்மேலேயே நெருக்கமாக இன்னும் மூன்று ஓட்டம் தைப்பது பலப்படுத்துவதாகத் தோன்றினாலும், உண்மையில் துணியை மேலும் துளைப்பதே ஆகும். தடித்த துணியில் ஒரு தையல் 3 முதல் 4 மில்லிமீற்றர் நீளம் இருப்பது நல்லது.

எனவே சுமையைப் பரப்ப வேண்டும். உள்விளிம்பைப் பிரித்து, கிழிசலுக்கு நாற்புறமும் இரண்டு விரலகலம் கூடுதலான ஒட்டுத்துணியை, மூலைகளை வளைவாக வெட்டி உள்ளே வைத்து, வாரின் முனையை அதன்மேல் நன்கு கீழே இறக்கி, சதுரமும் அதற்குள் குறுக்குக் கோடுகளுமாகத் தைக்கும் பெட்டித் தையலால் பிணைத்தால், இழுவை ஒரே கோட்டில் விழாது. வாருக்குப் பதிலாக நாடா தேவைப்படுமிடத்து, வாகன உதிரிப்பாகக் கடைகளுக்குப் பெயர்போன பஞ்சிகாவத்தை அருகிலேயே இருக்கிறது. கழற்றிய ஆசனப்பட்டியின் பொலியெஸ்டர் நெசவு மிக உறுதியானது, எனினும் வெயிலில் வெளுத்து விறைத்ததை விலைக்கு ஆசைப்பட்டு வாங்கலாகாது. வெட்டிய முனையைத் தீயில் இலேசாக உருக்காவிட்டால் இழை இழையாகப் பிரிந்துவிடும்.

டெனியர் என்பது 9,000 மீற்றர் இழையின் கிராம் எடை. பைத்துணிகளில் பரவலாகக் காணப்படும் 600 டெனியருக்கு 16 அல்லது 18ஆம் இலக்க ஊசி பொருந்தும். பருத்தி நூல் ஈரத்தில் உக்கிவிடும். நைலோன் உதறலைத் தாங்கும், பொலியெஸ்டர் வெயிலைத் தாங்கும். பல மடிப்புகள் சேருமிடத்தில் மிதியை நிறுத்திச் சக்கரத்தைக் கையால் உருட்டுவதே ஊசியைக் காக்கும் வழி. வீட்டு மூலையில் கிடக்கும் பழைய கறுப்புச் சிங்கர் இதற்குப் போதுமானது.

கொழும்பின் புழுக்கத்தில் பையின் உட்பூச்சான பொலியுரேத்தேன் நீராவியால் சிதைந்து பிசுபிசுத்து உரியும். அத்தகைய துணியைத் தாங்குதுணியாக நம்புவது வீண். பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிய உள்துணி இடுவதே முறை.

2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் புதிய பை வாங்குவது பல வீடுகளில் கணக்குப் பார்த்துச் செய்யும் காரியமாகிவிட்டது. 2024 ஜனவரியில் வற் வரியும் 18 வீதமானது. திருத்திய பையோடு வகுப்புக்குள் நுழையும் பிள்ளை கூச வேண்டியதில்லை என்பதற்காகவே ஒட்டுத்துணி உட்புறத்தில் இருக்க வேண்டும். நூலின் நிறம் பையின் நிறத்தோடு ஒத்திருக்க வேண்டும். முன்பக்கத்துச் சித்திரத்தின்மேல் ஊசி படவே கூடாது. கூலி குறைவென்று இவற்றைக் கைவிடுவது அப்பிள்ளைக்குச் செய்யும் அநீதி.

வேலை முடிந்ததும், ஒரு தவணையின் புத்தகங்கள் அளவு பாரத்தை நிரப்பி, தெமட்டகொடை ரயில் மேடை நெரிசலில் பிள்ளை பற்றி இழுப்பதுபோல ஒற்றை வாரைப் பிடித்து உதறி, பின்னர் இரவு முழுவதும் ஆணியில் தொங்கவிட்டு, காலையில் துளைகள் விரிந்திருக்கின்றனவா என்று விரல்நுனியால் தடவிப் பார்த்த பின்னரே பையைக் கொடுக்க வேண்டும்.