கேக்கில் ஆப்ப சோடா: அளவும் வேண்டும், புளிப்பும் வேண்டும்



கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் திருவள்ளூர் காக்களூர் தொழிற்பேட்டையிலும் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்களின் குடும்பங்கள் நம்மில் பல. ஒருவர் சம்பளம் போதாத நிலையில், வீட்டிலேயே கேக் செய்து விற்கச் சகோதரிகள் சிலர் முன்வருகிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் 'நன்றாக உப்பி வந்து நடுவில் அமுங்கிவிட்டது', 'சோப்பு வாடை அடிக்கிறது' என்ற குறைகளும் நம் காதில் விழுகின்றன. ஒரு கேக் வீணானால் மாவு, எண்ணெய், கேஸ் எல்லாம் நஷ்டம். வாங்கியவர் மறுபடி வருவதும் இல்லை. பல நேரங்களில் இதற்குக் காரணம் ஆப்ப சோடாவைப் பயன்படுத்தும் முறைதான்.

சோடா எப்படி வேலை செய்கிறது?

ஆப்ப சோடா என்பது சோடியம் பைகார்பனேட். இது ஒரு காரப்பொருள். தயிர், மோர், எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்போடு சேர்ந்ததும் கார்பன் டை ஆக்சைடு வாயு வெளிவரும். அந்தக் குமிழ்கள்தான் மாவை உப்பச் செய்கின்றன.

புளிப்பு சேர்க்காவிட்டாலும் அடுப்புச் சூட்டில் சோடா வாயுவை விடும், கேக்கும் உப்பும். ஆனால் மிஞ்சுவது சோடியம் கார்பனேட், அதாவது நாம் துணி துவைக்கும் சலவைச் சோடா! சோப்பு வாடையும் கசப்பும் அங்கிருந்துதான் வருகின்றன. எனவே, புளிப்புச் சேராத மாவில் சோடா போடக்கூடாது. அதற்குப் பேக்கிங் பவுடர்தான் சரி. சோடாவும் அதற்குத் தேவையான புளிப்புப் பொருளும் அதிலேயே கலந்திருக்கின்றன.

நினைவில் வைக்க வேண்டிய அளவு

- 1 கப் மாவுக்குச் சோடா கால் தேக்கரண்டி போதும். கரண்டியைக் கத்தியால் தட்டையாக வழித்து அளக்க வேண்டும்.
- கால் தேக்கரண்டி சோடாவுக்கு அரை கப் தயிர், அல்லது ஒன்றரை தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு.
- பேக்கிங் பவுடர் என்றால் 1 கப் மாவுக்கு 1 தேக்கரண்டி.

சோடா பழையதா என்று அறிய, அரை தேக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் ஒரு சிட்டிகை போடுங்கள். உடனே நுரைத்துப் பொங்கினால் நல்லது. இல்லையென்றால் புதிய பாக்கெட் வாங்குங்கள்.

செய்து பாருங்கள்: முட்டையில்லாத பேரீச்சம்பழ கேக்

ரமலானில் மீந்த பேரீச்சம்பழம் இருந்தால் இதற்கு நல்லது.

1. கொட்டை நீக்கிய 15 பழங்களை அரை கப் சூடான பாலில் அரை மணி நேரம் ஊறவைத்து, ஆறியதும் அரைக்கவும்.
2. அந்த விழுதுடன் அரை கப் கெட்டித் தயிர், அரை கப் சர்க்கரை, மூன்றில் ஒரு பங்கு கப் எண்ணெய் சேர்த்துக் கலக்கவும்.
3. ஒன்றரை கப் மைதா, கால் தேக்கரண்டி சோடா, அரை தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சேர்த்து இருமுறை சலிக்கவும்.
4. மாவை விழுதில் மெதுவாகக் கலந்து, எண்ணெய் தடவிய பாத்திரத்தில் ஊற்றி உடனே வேகவைக்கவும். புளிப்பு பட்டதுமே சோடா வேலையைத் தொடங்கிவிடும். காத்திருந்தால் குமிழ்கள் போய்விடும்.
5. அவனில் 180 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். குக்கர் என்றால் கேஸ்கட்டும் வெயிட்டும் இல்லாமல், தண்ணீர் ஊற்றாமல், அடியில் உப்புப் பரப்பி, அதன் மேல் ஸ்டாண்டு வைத்துச் சிறு தீயில் 45 நிமிடம் அளவில். நடுவில் குச்சியைக் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும்.

எச்சரிக்கை

சலவைச் சோடாவும் ஆப்ப சோடாவும் பார்க்க ஒன்றுபோல் வெள்ளையாக இருக்கும். சலவைச் சோடா உண்ணத் தக்கதல்ல. பெயர் எழுதாத பொட்டலத்தில் வாங்காதீர்கள். சமையலறையில் இரண்டையும் அருகருகே வைக்காதீர்கள். தொழிற்சாலையிலிருந்து வரும் எந்தப் பொடியும் சமையலறைக்குள் வரவே கூடாது.

ஒரு தேக்கரண்டி சோடாவில் 1,200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் உண்டு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வீட்டில் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இருந்தால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

விற்பவர்களுக்கு

விற்பனை தொடங்கும் முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள். கேக்கைப் பெரிதாகக் காட்டச் சோடாவைக் கூட்டாதீர்கள். எடை போட்டு, சொன்ன எடையைக் கொடுங்கள். அளவிலும் நிறுவையிலும் குறைப்பவர்களை எச்சரிக்கவே திருக்குர்ஆனில் முதஃப்ஃபிஃபீன் என்ற அத்தியாயம் இருக்கிறது. அந்த எச்சரிக்கை கடைத்தெரு வியாபாரிக்கு மட்டுமல்ல, அடுக்களையில் சம்பாதிக்கும் நமக்கும் உரியது.

அல்லாஹ் நம் உழைப்பில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.