மெய்நிகர் நினைவகமும் தனிநபர் தகவல் பாதுகாப்பும்

இந்தியக் கணிப்பொறி வரலாற்றில் ஐதராபாத் நகருக்குத் தனியிடம் உண்டு. இந்திய எலெக்ட்ரானிக்ஸ் கழகம் 1967ஆம் ஆண்டில் இங்கு நிறுவப்பட்டது. வங்கித் தொழில்நுட்ப வளர்ச்சிக்கும் ஆராய்ச்சிக்குமான நிறுவனத்தை ரிசர்வ் வங்கி 1996இல் இந்நகரிலேயே அமைத்தது. கணக்கிடும் கருவியாக வந்த கணிப்பொறி, இன்று மக்களின் வங்கிக் கணக்கு, நில உரிமை, நோய் விவரம் ஆகியவற்றைக் காக்கும் பெட்டகமாகிவிட்டது. அப்பெட்டகத்தில் பலரும் கவனியாத இடுக்கு ஒன்று உண்டு.

மேசையும் பதிவறையும்

எழுத்தர் ஒருவரின் மேசை சிறியது, பதிவறை பெரியது. மேசை நிறைந்தால், உடனடியாகத் தேவைப்படாத கோப்புகளைப் பதிவறைக்கு அனுப்பிவிட்டு, வேண்டும்போது திரும்பப் பெறுகிறார். கணிப்பொறியில் முதன்மை நினைவகம் மேசை, வட்டு பதிவறை. நினைவகம் போதாதபோது, இயக்க முறைமை அதன் பகுதிகளைப் 'பக்கங்களாக' வட்டிலுள்ள இடமாற்றப் பகுதிக்கு அனுப்புகிறது. இதுவே மெய்நிகர் நினைவகம். இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1962இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணிப்பொறி இம்முறைக்கு வழிகாட்டிற்று.

இடர் எங்கே?

மின்சாரம் நின்றால் முதன்மை நினைவகத்தில் உள்ளவை விரைவில் அழிந்துவிடும். வட்டில் உள்ளவை அழிவதில்லை. மறையீடு செய்யப்பட்ட ஆவணம்கூட, திறந்து படிக்கப்படும்போது நினைவகத்தில் வெளிப்படையாகவே இருக்கிறது. அப்பக்கம் வட்டுக்கு மாற்றப்பட்டால், பயனர் சேமிக்காத செய்தியும், தட்டச்சு செய்த கடவுச்சொல்லும் அவர் அறியாமலே அங்குத் தங்கிவிடலாம். கணிப்பொறியை 'உறக்கநிலை'யில் வைக்கும்போது நினைவகத்தின் உள்ளடக்கம் வட்டில் எழுதப்படுகிறது. பழைய கணிப்பொறி ஏலத்திற்குச் செல்லும் நாளில், இந்த எச்சங்களும் உடன் செல்கின்றன.

தீர்வுகளும் அவற்றின் விலையும்

முதலாவது, கணிப்பொறியை நிறுத்தும்போது இடமாற்றக் கோப்பைச் சுழியங்களால் நிரப்பி அழித்தல். விண்டோஸ் முறைமையில் இதற்கு வசதியுண்டு. ஆனால் நிறுத்துவதற்கு நேரம் கூடும். மின்சாரம் திடீரெனத் தடைப்பட்டால் அழித்தல் நடைபெறாது.

இரண்டாவது, இடமாற்றத்தையே நிறுத்துதல். இதற்கு நினைவகம் தாராளமாக இருத்தல் வேண்டும். இல்லையேல் செயலிகள் இடையில் நின்றுவிடும்.

மூன்றாவது, கடவுச்சொல், மறையீட்டுச் சாவி போன்றவை உள்ள பக்கங்களை மட்டும் வட்டுக்குச் செல்லாமல் பூட்டுதல். இது செயலி எழுதுவோரின் பொறுப்பு. எனினும் உறக்கநிலையின்போது இப்பூட்டு உதவாது.

நான்காவது, இடமாற்றப் பகுதியையே மறையீடு செய்தல். லினக்ஸ் முறைமையில், ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் புதிய சாவியை உருவாக்கிப் பயன்படுத்தலாம். அச்சாவி நினைவகத்தில் மட்டுமே இருப்பதால், மின்சாரம் நின்றதும் மறைகிறது. பழைய பக்கங்கள் பொருளற்ற எழுத்துகளாகின்றன. ஆனால் இம்முறையில் உறக்கநிலை வசதியைத் துறக்க நேரும். அவ்வசதி வேண்டுவோர் வட்டு முழுவதையும் மறையீடு செய்யலாம். திண்மநிலை வட்டுகளில் மேலெழுதி அழிப்பது உறுதியன்று. ஆகவே மறையீடே சிக்கனமான, நம்பத்தக்க வழி.

அலுவலகங்களின் கடமை

தனிமனித மறைவுரிமை அடிப்படை உரிமையே என உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தக்க பாதுகாப்பு செய்யத் தவறுவோருக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க வகை செய்கிறது. எனவே புதிய கணிப்பொறி வாங்கும் நாளிலேயே மறையீட்டை அமைப்பதும், கழிவாகும் நாளில் வட்டைத் தனியே எடுத்து முறைப்படி அழிப்பதும் அலுவலக நடைமுறையாதல் வேண்டும். விண்ணப்பத்தில் தம் விவரங்களை எழுதித் தரும் குடிமகன் இடமாற்றக் கோப்பை அறியமாட்டார். அவருக்காக அதனை அறிந்திருக்க வேண்டியவர்கள் நாமே.