திண்ணை வரை யார்? அறை வரை யார்?

சென்ற கல்வியாண்டில் நான் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில், வழக்கமாக விடுப்பே எடுக்காத மாணவி ஒருத்தி தொடர்ந்து மூன்று நாள்கள் வரவில்லை. அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். "வயித்து வலின்னு படுத்தே கெடக்குறா மிஸ்" என்றார். நான்காம் நாள் வந்தவள் முன்வரிசையை விட்டுக் கடைசியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

தோழிகளிடம் விசாரித்தேன். அறிவியல் கண்காட்சியில் அவள் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தபோது எடுத்த படம் ஒன்று. வாய் திறந்து, கண் பாதி மூடியிருந்தது. அதை யாரோ வெட்டி ஸ்டிக்கராக்கி, பிள்ளைகள் தாங்களாக நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். விடுமுறை முழுவதும் எந்தச் செய்திக்கும் பதிலாக அவள் முகமே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

அவளைத் தனியே அழைத்து நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அந்தப் போட்டோவ எதுக்கும்மா அங்க போட்ட?" அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதன்பின் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

மறுவாரம் வகுப்பில் ஓர் அட்டைப் பெட்டியை வைத்து, "செல்போன்ல உங்களுக்குப் பிடிக்காம நடக்குற ஒன்ன எழுதிப் போடுங்க, பேர் வேண்டாம்" என்றேன். மாலையில் பிரித்துப் படித்தபோது ஒரு சீட்டில் இப்படி இருந்தது: "அந்தப் படத்த நான் போடல மிஸ். நீங்கதான் ஸ்டேட்டஸ்ல வெச்சீங்க. அதுல இருந்து எடுத்துட்டாங்க."

உண்மைதான். கண்காட்சி நாளில் பெருமையாக எட்டுப் படங்களை என் ஸ்டேட்டஸில் வைத்திருந்தேன். என் எண் பெற்றோர் அனைவரிடமும் இருக்கிறது. பெற்றோரின் கைபேசி பிள்ளைகள் கையில் இருக்கிறது. படம் வைக்கலாமா என்று ஒரு பிள்ளையிடமும் நான் கேட்கவில்லை. சமூக ஊடக எல்லைகள் பற்றி மாணவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கிய எனக்கு அந்தச் சீட்டுதான் முதல் பாடம்.

தடை வேறு, எல்லை வேறு

"போனைத் தொடாதே" என்பது நாம் அனைவரும் சொல்லும் அறிவுரை. ஆனால் 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது நாமே போனை வகுப்பறையாக்கினோம். வீட்டுப்பாடமும் சுற்றறிக்கையும் இன்றுவரை அதில்தான் போகின்றன. அதைத் தொடாமல் இருக்கச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது.

தடையில் இன்னொரு சிக்கலும் உண்டு. தொடவே கூடாது என்று சொல்லப்பட்ட பிள்ளை, அதில் ஏதாவது தவறு நடந்தால் வெளியே சொல்லாது. "நீ ஏன் தொட்டாய்?" என்ற கேள்விதான் முதலில் வரும் என்று அதற்குத் தெரியும். நான் அந்த மாணவியிடம் கேட்டதும் அதே கேள்விதான். மிரட்டுபவர்களுக்கு வசதியாக இருப்பதும் இந்த மௌனமே.

எல்லை என்பது பிள்ளை தானே போட்டுக்கொள்ளும் கோடு. எதை, யாருக்கு, எப்போது, எதுவரை என்று அதுவே முடிவு செய்கிறது. யாராவது கோட்டைத் தாண்டினால் அது தாண்டியவரின் தவறு என்பதும் அதற்குத் தெரிகிறது. அதனால் நம்மிடம் வந்து சொல்கிறது.

பெட்டியில் கிடைத்தவை

மற்ற சீட்டுகளில் சிலவற்றை அவர்கள் எழுதியபடியே தருகிறேன்.

"ஃபிரண்டு பாஸ்வேர்டு கேட்டா குடுக்கலன்னா நம்பிக்கை இல்லையான்னு கேக்குறா."

"ஸ்ட்ரீக் போயிடும்னு எங்க ஆயா செத்த அன்னிக்கும் ஸ்நாப் அனுப்புனேன்."

"எங்க தெரு அண்ணனுங்க டிபி மாத்தச் சொல்றாங்க. மாத்தலன்னா ஒதுக்கிடுவாங்க."

"நைட்டு பன்னெண்டு மணிக்கு குரூப்ல பேசுவாங்க. பாக்கலன்னா காலைல ஒண்ணும் புரியாது."

ஸ்நாப்சாட்டில் இருவர் 24 மணி நேரத்துக்குள் ஒருவருக்கொருவர் மாறி மாறிப் படம் அனுப்பினால்தான் 'ஸ்ட்ரீக்' எண் கூடும். ஒரு நாள் தவறினால் அத்தனையும் போய்விடும். பாட்டி இறந்த நாளிலும் ஒரு பிள்ளையைப் போனைத் தேட வைத்தது அந்த எண்தான். இதைப் பிள்ளையின் ஒழுக்கக்குறைவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கண்ணை எடுக்கவிடாமல் வைத்திருக்கும்படி அந்தச் செயலியே அமைக்கப்பட்டிருக்கிறது. இதைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொன்னபோது பலர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

இன்னொன்றும் கவனித்தேன். எந்தச் சீட்டிலும் 'முன்பின் தெரியாதவர்' இல்லை. நெருக்குபவர்கள் தோழியும் தெரு அண்ணனும் வகுப்புத் தோழனும்தான். "தெரியாதவரிடம் பேசாதே" என்ற நம் வழக்கமான அறிவுரை இவர்களுக்குப் போதாது. தெரிந்தவரிடம் "முடியாது" என்று சொல்லத்தான் பழக்க வேண்டும்.

நான்கு பாடவேளைகள்

இதற்காக வாரம் ஒன்றாக நான்கு பாடவேளைகள் ஒதுக்கினேன். பிள்ளைகள் கைபேசி கொண்டுவரத் தேவையில்லை. சார்ட் அட்டையும் துண்டுச் சீட்டுகளும் போதும்.

முதல் பாடவேளை: வீடு வரைதல். கரும்பலகையில் வாசல், திண்ணை, கூடம், அறை என நான்கு பகுதிகள் கொண்ட வீடு ஒன்றை வரைந்தேன். திண்ணை வைத்த வீடுகள் எங்கள் ஊரில் இப்போது ஒன்றிரண்டுதான் மிச்சம் என்றாலும் பிள்ளைகளுக்குத் தெரியும். வாசலில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம். தெரிந்தவர் திண்ணையில் உட்காரலாம். சொந்தமும் நட்பும் கூடம் வரை வரலாம். அறை நமக்கும் நம் வீட்டாருக்கும் மட்டும். பிறகு சீட்டுகளைக் கொடுத்தேன்: பெயர், சீருடையில் எடுத்த படம், கைபேசி எண், தேர்வு மதிப்பெண், இப்போது இருக்கும் இடம், கடவுச்சொல், வீட்டுச் சண்டை, மனக்கவலை. ஒவ்வொன்றையும் எந்தப் பகுதியில் வைக்கலாம் என்று குழுவாகப் பேசி ஒட்ட வேண்டும். சீருடைப் படத்தை முதலில் வாசலில் ஒட்டினார்கள். "அதுல ஸ்கூல் பேர் தெரியுமே" என்று ஒரு மாணவன் சொன்னதும் கூடத்துக்கு மாற்றினார்கள். இப்படி அவர்களாகவே மாற்றிக்கொள்வதுதான் இச்செயல்பாட்டின் பயன். ஒரே சரியான விடை என்று எதையும் நாம் திணிக்கத் தேவையில்லை. கடவுச்சொல் மட்டும் அறைக்குள்தான் என்பதில் உறுதியாக இருங்கள்.

இரண்டாம் பாடவேளை: சொல்லிப் பழகுதல். "முடியாது" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லப் பிள்ளைகள் தயங்குகிறார்கள். நட்பு முறியாமல் மறுக்கும் வாக்கியங்களை இருவர் இருவராக நடித்துக் காட்டச் சொன்னேன். "யாருக்குமே நான் பாஸ்வேர்டு குடுக்குறதில்ல, உனக்கு மட்டும்னு இல்ல." "ஒம்பது மணிக்கு மேல போன் எங்கம்மாகிட்ட இருக்கும், காலைல பேசலாம்." "அந்தப் படத்த எடுத்துடு, எனக்குப் பிடிக்கல." இவை அவர்களே உருவாக்கியவை. எதிரே இருப்பவர் விடாமல் வற்புறுத்தும்படி நடிக்க வேண்டும். மூன்றாம் முறை கேட்டபோதும் குரல் மாறாமல் மறுத்தவர்களுக்கு வகுப்பே கைதட்டியது. மறுப்பைக் கேட்டுக்கொண்டு "சரி" என்று விலகுவதையும் அதே பாடவேளையில் பழக்குங்கள். அது மறுப்பதைவிடக் கடினம் என்று மாணவர்களே சொன்னார்கள்.

மூன்றாம் பாடவேளை: தாழ்ப்பாள் போடுதல். கைபேசித் திரையைச் சார்ட்டில் வரைந்து, எந்த அமைப்பு எங்கே இருக்கிறது என்று காட்டினேன். வாட்ஸ்அப்பில் 'பிரைவசி' பகுதியில் 'குரூப்ஸ்' என்பதை 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றினால், நம் தொடர்புப் பட்டியலில் இல்லாதவர்கள் நம்மைக் குழுவில் சேர்க்க முடியாது. முகப்புப் படத்துக்கும் அதே அமைப்பு உண்டு. குழுவை விட்டு வெளியேறினால் அறிவிப்பு அட்மினுக்குத்தான் போகும், எல்லாருக்கும் போகாது. வெளியேறத் தயங்குபவர்கள் 'மியூட்' செய்யலாம். இன்ஸ்டாகிராமில் ஒருவரை 'ரெஸ்ட்ரிக்ட்' செய்தால், நம் பதிவின் கீழ் அவர் புதிதாக எழுதுவது அவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும். அது அவருக்குத் தெரியவும் வராது. சண்டையில்லாமல் விலக இது உதவும்.

இதில் ஒரு முக்கியமான செய்தி உண்டு. இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்கக் குறைந்தது 13 வயது ஆக வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டோருக்கான தனிக் கணக்கு முறை 2024 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டு, 2025இல் இந்தியாவுக்கும் வந்தது. அதில் கணக்கு தானாகவே தனிப்பட்டதாக இருக்கும். தொடர்பில் இல்லாதவர் செய்தி அனுப்ப முடியாது. இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை அறிவிப்புகள் ஒலிக்காது. ஆனால் வயதைக் கூட்டிச் சொல்லித் தொடங்கிய கணக்கைச் செயலி பெரும்பாலும் பெரியவர் கணக்காகவே எடுத்துக்கொள்ளும். அம்மா பெயரிலுள்ள கணக்கும் அப்படித்தான். "பிறந்த வருசத்த மாத்திப் போட்டவங்க பூட்ட நீங்களே கழட்டி வெச்சுட்டீங்க" என்று சொன்னபோது வகுப்பு அமைதியானது.

நான்காம் பாடவேளை: கோடு தாண்டப்பட்டால். பதற்றத்தில் எல்லாவற்றையும் அழிக்க வேண்டாம். மிரட்டல் செய்தியைத் தேதியும் எண்ணும் தெரியும்படி வைத்துக்கொள்ள வேண்டும். மிரட்டுபவருக்குப் பணமோ இன்னொரு படமோ தரக் கூடாது. நம்பும் பெரியவர் ஒருவரிடம் அன்றே சொல்ல வேண்டும். அந்தப் பெரியவர் யார் என்று ஒவ்வொருவரும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டார்கள். கூடவே மூன்று எண்கள்: குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வி உதவி எண் 14417, இணையக் குற்றங்களுக்கு, குறிப்பாகப் பண மோசடிக்கு, 1930.

ஆசிரியர் அறிய வேண்டிய சட்டம்

கேலிச் ஸ்டிக்கரை வகுப்பறையிலேயே பேசித் தீர்க்கலாம். ஆனால் பாலியல் தன்மையுள்ள படமோ மிரட்டலோ என்றால் நிலைமை வேறு. 18 வயதுக்கு உட்பட்டோரை அப்படிக் காட்டும் படத்தை வெளியிடுவதும், பரப்புவதும், தேடிச் சேமிப்பதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 67பி பிரிவின்படி குற்றம். எனவே ஆதாரத்துக்காக என்று அதை நம் கைபேசிக்கு அனுப்பச் சொல்லக் கூடாது. சக ஆசிரியர்களுக்கும் காட்டக் கூடாது. போக்சோ சட்டம் 2012இன்படி, ஒரு குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதும் தண்டனைக்குரியது. "பள்ளியின் பேர் கெட்டுவிடும்", "பெண் பிள்ளை வாழ்க்கை" என்று மூடி மறைக்கச் சட்டத்தில் இடமில்லை. தலைமையாசிரியரிடம் சொல்லி, 1098 வழியாகவோ நேரடியாகவோ அன்றே தெரிவியுங்கள். பிள்ளையின் பெயர் வெளியே வராமல் காப்பதும் நம் கடமை.

பெற்றோரும் தொடக்கநிலை வகுப்புகளும்

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரிடம் இரண்டே கோரிக்கைகள் வைத்தேன். இரவில் வீட்டிலுள்ள எல்லாக் கைபேசிகளும், பெரியவர்களுடையதும் சேர்த்து, கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜ் ஆகட்டும். பிள்ளை ஒரு பிரச்சினையைச் சொன்னால் முதல் ஐந்து நிமிடம் திட்டாமல் கேளுங்கள். "எங்க வீட்ல ஒரே போனுதான் மிஸ், அதுவும் அவங்கப்பா கொண்டு போயிடுவாரு" என்று ஓர் அம்மா சொன்னார். அவருக்கு இரண்டாவது கோரிக்கை மட்டும் போதும் என்றேன்.

தொடக்கநிலை ஆசிரியர்கள் இது நமக்கில்லை என்று நினைக்க வேண்டாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளையைப் படம் எடுக்கும் முன் "எடுக்கட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் போனைக் கீழே இறக்குங்கள். தன் "வேண்டாம்"க்கு மதிப்பு உண்டு என்று எட்டு வயதில் அறிந்த பிள்ளைக்குப் பதினான்கு வயதில் அதைச் சொல்ல வாய் வரும்.

நமக்கும் கோடு உண்டு

அந்தச் சீட்டுக்குப் பிறகு நான் எனக்கென மூன்று விதிகள் வைத்திருக்கிறேன். பிள்ளையிடமும் பெற்றோரிடமும் கேட்காமல் முகம் தெரியும் படத்தை எங்கும் பகிர்வதில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் வகுப்புக் குழுவில் எதுவும் அனுப்புவதில்லை. மாணவர்களுடன் தனிப்பட்ட முறையில் அரட்டைச் செய்திகள் பரிமாறுவதில்லை. தேவையிருந்தால் பெற்றோர் எண்ணுக்கு அல்லது பள்ளியில் நேரில். அலுவலகத்துக்குப் படம் அனுப்ப வேண்டிய நேரங்களில் பின்னாலிருந்து எடுத்த படமும், கைகளும் மாதிரியும் தெரியும் படமும் பெரும்பாலும் போதுமானதாகவே இருக்கின்றன.

ஸ்டிக்கரை உருவாக்கிய மாணவன் தானே முன்வந்து ஒப்புக்கொண்டான். அவனைக் கொண்டே குழுவில் அழிக்கச் சொல்லி வேண்டுகோள் விடச் செய்தேன். எத்தனை பேர் கைபேசியில் இன்னும் இருக்கிறதோ தெரியாது. போனது முழுதாகத் திரும்பாது என்பதையும் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை.

அந்த மாணவியிடம் தனியே மன்னிப்புக் கேட்டேன். வகுப்பிலும் என் தவற்றைச் சொல்லலாமா என்றேன். "சொல்லுங்க மிஸ். ஆனா என் பேர் வேணாம்" என்றாள். அப்படியே சொன்னேன். இந்தக் கட்டுரையை எழுதும் முன்பும் அவளிடம் கேட்டேன். அதே பதில்தான்.

இந்த ஆண்டு அறிவியல் கண்காட்சியிலும் அவள் ஒரு மாதிரி செய்து வைத்திருந்தாள். என் கையில் கைபேசியைப் பார்த்ததும், "எடுங்க மிஸ். ஸ்டேட்டஸ் மட்டும் வேணாம்" என்றாள். எடுத்தேன். அந்தப் படம் அவள் அம்மாவுக்கு மட்டும் போயிருக்கிறது.