பயோடேட்டாவில் கடைப் பெயர் இல்லையா?

கணக்கு எழுதவோ, லைன் சேல்ஸுக்கோ, குடோன் பொறுப்புக்கோ ஆள் தேவை என்று விளம்பரம் கொடுக்கிறோம். வரும் பயோடேட்டாக்களில் சில, "தற்சமயம் ஒரு மளிகை மொத்த வியாபார நிறுவனத்தில் பணி" என்று மட்டும் சொல்லும். நிறுவனத்தின் பெயர் இராது. இணையதளத்தில் தம் விவரம் பதியும் இளைஞர்களும் இப்படிச் செய்வதுண்டு. "எதையோ மறைக்கிறான்" என்று அந்தத் தாளை ஒதுக்கிவிடுகிறோம். இது சரியா?

மறைப்பது ஏன்?

கடைத்தெரு சிறியது. காலையில் நம் மேஜைக்கு வந்த விண்ணப்பம் மாலைக்குள் அவருடைய முதலாளி காதுக்கு எட்டிவிடும். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமின்றியும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ தராமலும் நீக்கக்கூடாது என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, 41-வது பிரிவு சொல்கிறது. ஆனால் வசூல் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓரமாக உட்கார வைத்தால் அவர் என்ன செய்வார்? புதிய வேலை உறுதியாகும் முன்பே பழைய வேலை ஆட்டம் கண்டுவிடும். பெயரை மறைப்பது பெரும்பாலும் இந்தப் பயத்தால்தான்.

மறைப்பு வேறு, பொய் வேறு

கடைப் பெயரை விட்டுவிட்டு, பார்த்த வேலை, வருடங்கள், கையாண்ட சரக்கு ஆகியவற்றை உள்ளபடி எழுதினால் அது முன்ஜாக்கிரதை. இல்லாத கடையின் பெயரை எழுதுவதும், 2 வருடத்தை 5 வருடமாக நீட்டுவதும் பொய். முன்னதைப் பொறுக்கலாம், பின்னதைப் பொறுக்கக்கூடாது.

விண்ணப்பிப்பவரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெயரை விட்டுவிட்டு, "இன்ன ஊரில் மூன்று தலைமுறையாக வற்றல் வியாபாரம் செய்யும் நிறுவனம்" என்று எழுதினால் ஊரே அடையாளம் கண்டுகொள்ளும். அது மறைத்ததாகாது.

நாம் செய்ய வேண்டியவை

1. முதலில் வேலையைப் பற்றிக் கேளுங்கள். என்ன சரக்கு, எத்தனை கடைகளுக்கு லைன் போனார், வசூல் பொறுப்பு உண்டா, ஜி.எஸ்.டி. கணக்கு பார்த்தாரா? பதிலிலேயே அனுபவம் தெரிந்துவிடும்.

2. ஆளைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் பெயரைக் கேளுங்கள். அப்போதும் சொல்ல மறுத்தால் யோசிக்க வேண்டும். சொன்னால், அது உங்களோடு நிற்கட்டும்.

3. அவர் சம்மதமின்றி இப்போதைய முதலாளிக்குப் போன் செய்யாதீர்கள். அதற்கு முன் வேலை பார்த்த கடைகளில் விசாரியுங்கள். பணம் புழங்கும் வேலையானால், "விலகல் கடிதம் கொண்டு வந்து, விசாரித்த பிறகே பணி உறுதி" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

4. வருங்கால வைப்பு நிதி பிடிக்கும் கடைகளில், 2014 முதல் தொழிலாளிக்கு ஒரே நிரந்தர எண் (யு.ஏ.என்.) உண்டு. வேலை மாறினாலும் எண் மாறாது. பழைய நிறுவனங்களின் விவரம் அவருடைய கணக்கில் இருக்கும். அதைக் காட்டச் சொல்லி, எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

5. பழைய கடையின் கொள்முதல் விலையையும், கடன் வாடிக்கையாளர் பட்டியலையும் கேட்காதீர்கள். கேளாமலே ஒருவர் கொட்டினால், அவரைச் சேர்க்கும் முன் இருமுறை யோசியுங்கள். நாளை நம் கணக்கும் அப்படித்தான் அடுத்த கடைக்குப் போகும்.

தம் முதலாளியின் பெயரைக் காப்பவர், நம் கடையில் சேர்ந்தால் நம் பெயரையும் காப்பார். இனி அப்படி ஒரு பயோடேட்டா வந்தால், ஒதுக்கும் முன் ஒருமுறை கூப்பிட்டுப் பேசிப் பாருங்கள்.