இரத்தத்தில் வைரஸ், நோய் நுரையீரலில்!

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து புறப்படும் மின்சார ரயில், தாம்பரத்தை அடைவதற்குச் சற்று முன்பு 'தாம்பரம் சானடோரியம்' என்னும் நிலையத்தில் நிற்கும். காச நோயாளிகளுக்காக 1928-ஆம் ஆண்டு அங்கு அமைக்கப்பட்ட மருத்துவ நிலையமே இப்பெயருக்குக் காரணம். பின்னர் அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாயிற்று. 1990-களில் எச்.ஐ.வி. தொற்றுடையோர் அங்குத் திரளாக வரத் தொடங்கினர். எச்.ஐ.வி. இரத்தத்திலும் நிணநீர் உறுப்புகளிலும் பெருகும் வைரஸ் அன்றோ? அத்தொற்றுடையோர் நெஞ்சு நோய் மருத்துவமனையை நாடியது ஏன்?

நுரையீரலின் காவலர்கள்

நாள்தோறும் நாம் ஏறக்குறைய 10,000 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறோம். அதனுடன் தூசும் நுண்ணுயிர்களும் உள்ளே வருகின்றன. மூச்சுக் குழலிலுள்ள கோழையும் நுண்ணிய மயிரிழைகளும் அவற்றில் பெரும்பகுதியைத் தடுத்து வெளியேற்றிவிடும். தப்பி உள்ளே செல்பவற்றைக் காற்று நுண்ணறைகளில் காத்திருக்கும் விழுங்கணுக்கள் பிடித்து உண்டுவிடும்.

ஆனால், நியூமோகாக்கஸ் என்னும் பாக்டீரியா எளிதில் அகப்படுவதில்லை. அதைச் சுற்றிச் சர்க்கரைப் பொருளாலான வழுவழுப்பான உறை ஒன்று உண்டு. உடம்பெல்லாம் எண்ணெய் பூசி வரும் திருடன் பிடிப்பவர் கையிலிருந்து நழுவுவதுபோல, அது விழுங்கணுவிடமிருந்து நழுவிவிடும். அவ்வுறையின்மேல் எதிர்ப்பொருள்கள் ஒட்டிக்கொண்டால் விழுங்கணுவுக்குப் பிடி கிடைத்துவிடும். எதிர்ப்பொருள்களைச் செய்பவை பி-அணுக்கள். அவை செம்மையாக வேலை செய்ய, சிடி4 எனப்படும் உதவி அணுக்களின் துணை தேவை.

இந்தச் சிடி4 அணுக்களைத்தான் எச்.ஐ.வி. அழிக்கிறது. உடல்நலமுள்ளவரின் இரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்குப் பொதுவாக 500 முதல் 1500 வரை இவ்வணுக்கள் இருக்கும். இவை குறையக் குறையப் பி-அணுக்களின் வேலையும் சீர்குலைகிறது. எதிர்ப்பொருள்கள் ஏராளமாக உண்டாகலாம்; ஆனால், வேண்டியவை வேண்டிய அளவில் கிடைப்பதில்லை. ஆகவே நியூமோனியா அடிக்கடி தாக்குகிறது. சில பூஞ்சைத் தொற்றுகள் சிடி4 எண்ணிக்கை 200-க்குக் கீழே இறங்கிய பிறகே பெரும்பாலும் வரும். பாக்டீரியா நியூமோனியாவோ அதற்கு முன்பே வரக்கூடும். எச்.ஐ.வி. உடையவருக்கு ஓராண்டில் இரண்டு முறை பாக்டீரியா நியூமோனியா வந்தால் அதை எய்ட்ஸின் அறிகுறியாகக் கொள்ளலாம் என 1993-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வகுத்தது.

சிறையிலிருந்து தப்பும் கிருமி

காச நோய்க் கிருமியின் வழி வேறு. விழுங்கணு அதை விழுங்கினாலும் பல சமயங்களில் கொல்ல முடிவதில்லை. எனவே உடல் அதைச் சுற்றி அணுக்களாலான சுவரெழுப்பிச் சிறை வைக்கிறது. அச்சிறையைக் காக்கக் கட்டளையிடுபவையும் சிடி4 அணுக்களே. உடலில் கிருமி உறங்கும் நூறு பேரில் 5 முதல் 10 பேருக்கே வாழ்நாளில் காச நோய் வரும். எச்.ஐ.வி.யும் சேர்ந்து, அதற்கு மருந்தும் உண்ணாதவர்களில், நூற்றுக்கு ஏறத்தாழ 10 பேருக்கு ஒரே ஆண்டில் அந்நோய் வரக்கூடும்!

இதில் இன்னொரு இடர்ப்பாடும் உண்டு. நுரையீரலில் காச நோய் உண்டாக்கும் குழிகள், நோய் எதிர்ப்பாற்றலின் கடும் போராட்டத்தால் விளைபவை. ஆற்றல் குன்றியவரிடம் குழிகள் உண்டாகாமல் போகலாம். கோழையிலும் கிருமிகள் குறைவாக இருக்கலாம். எக்ஸ்ரே படமும் தெளிவாகத் தோன்றலாம். நோய் இருந்தும் தெரியாமல் போவது இதனால்தான். கிருமியின் மரபுப்பொருளைக் கண்டறியும் புதிய சோதனைகள் இக்குறையைப் பெரிதும் நீக்கியுள்ளன.

தடுக்கும் வழிகள்

எச்.ஐ.வி.க்கு எதிரான கூட்டு மருந்துகள் 1996 முதல் பயனுக்கு வந்தன. 2004 ஏப்ரலில் இந்திய அரசு அவற்றை இலவசமாக வழங்கத் தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுத்த மருத்துவமனைகளுள் தாம்பரமும் ஒன்று. இம்மருந்துகளைத் தவறாமல் உண்டால் வைரஸ் அடங்கும். சிடி4 அணுக்கள் மீண்டும் பெருகும். நுரையீரலின் காவலும் பெருமளவு திரும்பும். இத்துடன் நியூமோகாக்கஸ் தடுப்பூசி, காச நோய்த் தடுப்பு மருந்து, புகை பிடியாமை ஆகியவையும் காப்பளிக்கும்.

மாணவர்களே, ஒன்றை மறவாதீர்கள். எச்.ஐ.வி. காற்றின் வழியே பரவாது. அருகில் அமர்வதாலோ சேர்ந்து உண்பதாலோ தொற்றாது. காச நோய் காற்றின் வழியே பரவும். ஆனால் மருந்தால் குணமாகும். இரண்டுக்கும் சோதனை உண்டு, மருந்தும் உண்டு. இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் எவரும் சோதனை செய்துகொள்ள வேண்டும். எச்.ஐ.வி. உடையவரோ இருமல் தொடங்கியதுமே மருத்துவரை நாட வேண்டும். பிறர் ஏளனத்துக்கு அஞ்சிச் சோதனையைத் தள்ளிப்போடுபவர் இழப்பது காலத்தை. அக்காலம் கிருமிக்கே ஆதாயம். ஏளனம் செய்யாதிருப்பதும் ஒருவகை மருத்துவ உதவியே. அதை நாம் ஒவ்வொருவரும் செய்யலாம்.