ஒத்திக்கு விடாதே, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. நீ மதுரையில் வீடு பார்க்கிறாய் என்று அக்கா சொன்னாள். இந்த வயதில் சொத்து சேர்க்க நினைத்தாயே, அதற்கே உன்னைப் பாராட்டணும். ஆனால் மேல் போர்ஷனை ஒத்திக்கு விட்டு, அந்தப் பணத்தைக் கிரயத்துக்குச் சேர்த்துக்கொள்ளப் போகிறாய் என்றும் சொன்னாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

தோப்பூர் மனையை வேண்டாமென்று விட்டது நல்லது. 2019 ஜனவரியில் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டியதிலிருந்து அந்தப் பக்கம் பொட்டல் காடெல்லாம் கலர் கொடி பறக்கிறது. டிடிசிபி அப்ரூவலும் ரெரா நம்பரும் இருக்கட்டும், காலி மனை வாடகை தராது.

இப்போது நீ பார்க்கிற செல்லூர் வீட்டைப் பற்றி ஒன்று. 2024 அக்டோபர் 25 மழையில் பந்தல்குடி வாய்க்கால் நிரம்பி அங்கே தெருத் தெருவாகத் தண்ணீர் புகுந்தது. புரோக்கர் அதைச் சொல்லமாட்டார். சுவரில் முழங்கால் உயரத்துக்கு மட்டும் பெயிண்ட் புதுசாக இருக்கிறதா என்று பார். தெருமுனை டீக்கடையில் விசாரி. நம் ஊரில் கண்மாய்க்குள் போகாத கட்டடம் எது? ஹைகோர்ட் கிளையே உலகனேரிக் கண்மாயில்தானே நிற்கிறது.

இனி ஒத்திக்கு வருகிறேன். வாடகையும் இல்லை, வட்டியும் இல்லை என்று ஊரே அதைச் சும்மா வரும் பணமாக நினைக்கிறது. நீ படித்த பிள்ளை, கணக்குப் போடு. மாதம் 7,000 ரூபாய் வாடகை போகிற போர்ஷனுக்கு 5 லட்சம் ஒத்தி வாங்கினால், வருஷத்துக்கு 84,000 ரூபாய் வாடகையை விடுகிறாய். நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் 40 காசு வட்டி ஆகிறது. வீட்டுக் கடனுக்கு பேங்கில் கேட்பதே சுமார் முக்கால் வட்டிதான். கெடு முடிந்ததும் 5 லட்சத்தையும் முழுசாக எடுத்து வைக்கணும். யார் வைக்கிறார்கள்? அடுத்த ஒத்திக்காரரிடம் வாங்கித்தான் முந்தினவருக்குக் கொடுக்கிறார்கள். ஆள் சிக்காத வருஷம் கழுத்து நகை அடகுக்குப் போகும்.

ஆரப்பாளையம் வீடு அப்படித்தானே போனது. உன் அம்மா கல்யாணத்துக்காகத் தாத்தா கீழ்ப் போர்ஷனை ஒத்திக்கு விட்டார். அதைக் குறை சொல்லமாட்டேன். திருப்பிக் கொடுக்கச் சேர்த்து வைத்திருந்ததை லாரி வாங்குகிறேன் என்று சின்னத் தாத்தா வாங்கிக்கொண்டு போனார். லாரியும் வரவில்லை, பணமும் வரவில்லை. ஒத்திக்காரர் திண்ணையில் உட்கார்ந்து, அம்மாச்சி வைத்த காபியைத் தொடாமல், "எனக்கும் பொண்ணு இருக்குங்கய்யா" என்றார். வீட்டை விற்றுத்தான் அவர் கணக்கை முடித்தோம். சின்னத் தாத்தா இன்றைக்கும் எந்த விசேஷத்திலும் முதல் பந்திதான். சரி, அதை விடு.

வீட்டை வாங்கு, ஆனால் வாடகைக்கு விடு. பணம் எட்டாவிட்டால் சின்ன வீடாக வாங்கு. 2019 பிப்ரவரியில் வந்த புது வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதியணும். வேறு மாதிரி பேசி எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. இரண்டு போர்ஷனுக்கும் தனித்தனி மீட்டர் இருக்கிறதா, தண்ணி மோட்டார் எதில் ஓடுகிறது என்று பார். குடியிருக்கிறவர்களுக்குள் சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும். பத்திரச் செலவையும் மறக்காதே. முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 30 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் 2 லட்சத்து 70 ஆயிரம், அதுவும் பெரும்பாலும் நம் கைக்காசு.

முடிவு உன்னுடையதுதான், நான் தடுக்கவில்லை. மாமா ரொம்பப் பேசிவிட்டேனோ? கோவிச்சுக்காதே. நம் குடும்பத்தில் உன்னைப் போல் கெட்டிக்காரி யாரும் இல்லை, இதை அக்காவிடமும் சொல்லியிருக்கிறேன். என் பெயரில் பேங்கில் 2 லட்சம் சும்மா கிடக்கிறது. எடுத்துக்கொள், வட்டி வேண்டாம், முடிந்தபோது கொடு. வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு, அத்தை கறி எடுக்கச் சொல்லியிருக்கிறாள். டோக்கன் மட்டும் இப்போது கொடுத்துவிடாதே. தாய்ப்பத்திரமும் 30 வருஷ வில்லங்கமும் என் வாட்ஸப்புக்கு முதலில் வரட்டும்.

அன்புடன்,
மாமா